கண் வீங்கியிருக்கா? மதியம் வரை கவனியுங்கள்!

"இன்னாக்கா, நைட்டெல்லாம் அழுதியா?"

"அழுவுறதுக்கு எங்கடி நேரம்?"

பெரம்பூரில் எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்த ஒரு காலையில் கேட்ட பேச்சு இது. அந்த அக்காவுக்கு இரண்டு மாதமாகவே கண் இரண்டும் உப்பலாக இருந்தன. தூக்கம் சரியில்லை என்று வெள்ளரிக்காய் வைத்துப் பார்த்தார். கடைசியில் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, தைராய்டு குறைபாடு. மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் வீக்கம் வடிந்தது.

அதற்காக, கண் வீங்கினாலே பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதுதான். எது சாதாரணம், எது இல்லை என்று தெரிந்துகொண்டால் போதும்.

காலையில் ஏன் வீங்குகிறது?

நம் உடம்பிலேயே மிக மெல்லிய தோல், இமைத்தோல். படுத்திருக்கும்போது உடலில் உள்ள நீர் முகத்துப் பக்கம் வந்து அங்கே தேங்கும். எழுந்து நடமாடினால் தானாக வடிந்துவிடும்.

முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்பு, தொட்டுக்க ஊறுகாய், அப்பளம் என்று வெளுத்துக்கட்டினால் வீக்கம் கூடும். உப்பு, உடலில் நீரைப் பிடித்து வைக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நைட் ஷிஃப்ட், அழுகை, குடி, மை கலைக்காமல் தூங்குவது போன்றவையும் காரணங்கள்.

கண் அரித்தால் அலர்ஜியாக இருக்கலாம். லாரிப் புழுதியும் புகையும் நம்ம வடசென்னைக்குப் புதுசா என்ன? அரிக்கிறதே என்று கசக்கினால் இன்னும் வீங்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, மூடிய கண்மேல் 10 நிமிடம் வையுங்கள். வெள்ளரிக்காயின் வேலையும் இந்தக் குளிர்ச்சிதான். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள்.
* இன்னொரு தலையணை சேர்த்து, தலையைச் சற்று உயர்த்திப் படுங்கள்.
* வெளியே போய் வந்ததும் முகம் கழுவுங்கள். தலையணை உறையை அடிக்கடி துவையுங்கள்.
* இமை ஓரம் வலியோடு கட்டி வந்தால் அது கண்கட்டி. அதற்குக் குளிர்ச்சி அல்ல, வெதுவெதுப்பான ஒத்தடம். ஒரு தடவைக்கு 10 நிமிடமாக, தினமும் மூன்று நான்கு முறை. பிதுக்கவே கூடாது.

இதைச் செய்யாதீங்க

தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். கிருமி தொற்றலாம். மெடிக்கலில் "கண்ணுக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று கேட்டு வாங்கவும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருந்தால் உடனே சுகமாகத்தான் இருக்கும். ஆனால், டாக்டர் சொல்லாமல் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் கூடி, பார்வை நரம்பே பாதிக்கப்படலாம்.

கண் சிவந்து, பீளை தள்ளினால் 'மெட்ராஸ் ஐ' ஆக இருக்கலாம். துண்டு, தலையணையைத் தனியாக வையுங்கள்.

எப்போது டாக்டர்?

ஒரு கண் மட்டும் வீங்கி, வலி, காய்ச்சல், பார்வை மங்கல், கண்ணை அசைக்க முடியாமை இருந்தால் அன்றைக்கே போங்கள். கண்ணில் ரசாயனம் பட்டால், முதலில் சுத்தமான நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். 1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, பெரம்பூரிலிருந்து தொலைவில்லை.

தினமும் வீங்கி, மதியமாகியும் வடியவில்லையா? கூடவே காலும் வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா? சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குக் காலையில் கண் வீங்கினால், இதை மறக்கவே கூடாது. சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். ஒரு சிறுநீர் டெஸ்ட், ஒரு ரத்த டெஸ்ட்... பெரும்பாலும் அதிலேயே துப்பு கிடைத்துவிடும்.

வீட்டில் எல்லோர் முகத்தையும் பார்க்கிற அம்மாக்களும் அக்காக்களும், நாளைக் காலையில் கண்ணாடியில் தங்கள் கண்ணையும் ஒரு நிமிஷம் பாருங்களேன்!