வெற்றுக்கோது வெறும் பித்தளை அல்ல

வன்னியில் காணி துப்புரவு செய்யும்போதும் கிணறு வெட்டும்போதும் மண்ணுக்குள்ளிருந்து ரவைக் கோதுகள் இன்றும் வெளிவருகின்றன. பழைய இரும்பு வியாபாரிக்குப் பித்தளை என்றால் தனி விலை. அண்மையில் கிளிநொச்சியில் சில இளைஞர்கள் என்னிடம் கேட்டார்கள்: "வெளிநாட்டில் வெற்றுக்கோதைத் திரும்ப நிரப்பிச் சுடுறாங்களே, அப்ப இதுவும் வெறும் உலோகம்தானே?"

கேள்வி நியாயமானது. பதிலில் இரண்டு பகுதி உண்டு.

முதலில், அந்த நாடுகளில் நடப்பது. ரவை வெடிக்கும்போது பித்தளைக் கோது வீங்கித் துவக்கின் அறைச்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் சற்றுச் சுருங்கினாலும் அதன் கழுத்து பழைய அளவுக்கு வராது. புதிய குண்டை இறுக்கிப் பிடிக்க வேண்டுமானால் கழுத்தை மட்டும் ஒடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வகை அச்சுகள் உள்ளன. ஒன்றில் மாற்றக்கூடிய வளையம் இருக்கும். குண்டு பொருத்திய ரவையின் கழுத்தை அளந்து, அதைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு சிறிய வளையத்தைத் தெரிவார்கள். மற்றது, கழுத்தை உள்ளேயுள்ள கம்பியோடு சேர்த்து அழுத்தும். எந்த அச்சானாலும், அதே துவக்கில் சுட்ட, வரலாறு தெரிந்த கோதுக்குத்தான் இந்த வேலை பொருந்தும். தானாக ரவை ஏற்றும் துவக்கென்றால் கழுத்து மட்டும் போதாது, முழுக் கோதையும் ஒடுக்க வேண்டும்.

எங்கள் மண்ணில் கிடப்பவை அப்படியானவை அல்ல. ரி-56 துப்பாக்கியின் கோதுகளில் பெரும்பாலானவை உருக்கு. மேலே செப்புப் பூச்சோ வார்னிஷோ இருப்பதால் பித்தளைபோலத் தெரியும், காந்தம் வைத்தால் ஒட்டும். உண்மையான பித்தளையும் நம்பத்தக்கதல்ல. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த ரவைகளின் கோதுகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவே காரணம் என்று 1921 இல் விளக்கப்பட்டது. பல வருடம் ஈர மண்ணில் கிடந்த கோதுக்குள் என்ன விரிசல் ஓடுகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

இரண்டாவது பகுதிதான் உயிர் சம்பந்தப்பட்டது. அடியில் ஊசி குத்திய பள்ளம் இருந்தால் "வெடித்து முடிந்தது" என்று பலர் நினைக்கிறார்கள். குண்டு இன்னும் முனையில் இருந்தால், அது குத்தியும் வெடிக்காத ரவை. மருந்து உள்ளே அப்படியே இருக்கும். பீரங்கி வகை ரவைகளில் இன்னொரு ஆபத்து: 23 மில்லிமீற்றர் ரவைகள் சிலவற்றில் குண்டின் உள்ளேயே வெடிமருந்து உண்டு. 40 மில்லிமீற்றர் எறிகுண்டு சுடப்பட்டு வெடிக்காமல் விழுந்திருந்தால், சின்ன அசைவே போதும். இவற்றைப் பிரிப்பதும், அடிப்பதும், குப்பையோடு சேர்த்து எரிப்பதும்தான் கையையும் கண்ணையும் பறிக்கின்றன. நாட்கூலி கிடைக்காத நாளில் பழைய இரும்பு பொறுக்கப் போகிறவர்களே இதற்கு முதலில் அகப்படுகிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. 1916 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ரவைகளை வீட்டில் சேர்த்து வைத்தவர் "விற்கத்தான் வைத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

கண்டால் தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். அவசர இலக்கம் 119. 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்த இலங்கைக்குக் கண்ணிவெடிகளை அகற்ற 2028 ஜூன் வரை தவணை உண்டு. அந்தத் தவணை கண்ணிவெடிக்குத்தான். சிதறிக் கிடக்கும் ரவைகளும் எறிகுண்டுகளும் அதற்குப் பிறகும் மண்வெட்டியில் தட்டுப்படலாம்.