குச்சிக்கிழங்கும் மூளையின் காவலும்

தீர்த்தமலையைச் சுற்றியுள்ள கொல்லைகளில் மரவள்ளியை விளைவிக்கும் உழவர்கள், தாங்கள் குச்சிக்கிழங்கு என்றழைக்கும் அச்செடியின் பசுந்தழையை மேய்ந்த ஆடு சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி மடிவதுண்டு என்பதை நன்கறிவார்கள். தழையிலும் கிழங்கிலும் உறையும் லினமாரின் என்னும் வஸ்துவும் அதனைச் சிதைக்கும் நொதியும், செடி நலமாயிருக்கும் வரையில் தனித்தனியே இருந்து, பல்லோ கத்தியோ பட்ட மாத்திரத்தில் ஒன்றுகலப்பதால், சயனைடு பிறக்கிறது.

உயிரணுவினுள் ஆகாரத்தின் சாரத்தைப் பிராணவாயுவின் துணையால் சக்தியாக மாற்றுவது மைட்டோகாண்ட்ரியா. சயனைடு அங்கே கடைசிக் கட்டத்தில் நிற்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதியின் இரும்பைப் பற்றிக்கொள்ளவே, இரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருந்தும் உயிரணு அதனைப் பயன்படுத்த மாட்டாது தவிக்கிறது. தேகத்தின் எடையில் 2 சதவீதமே ஆயினும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடும் மூளைக்கு இதைவிடக் கொடிய துன்பம் வேறில்லை.

மூளைக்கு ஒரு காவல் உண்டு. நரம்பணுக்களைத் தூண்டும் குளுட்டமேட் அளவு மீறினால் அவற்றையே அழித்துவிடுமாதலால், ஆஸ்ட்ரோசைட்டு என்னும் துணையணுக்கள் அதனை ஓயாது உறிஞ்சி அகற்றுவதோடு, கைனுரெனிக் அமிலத்தைச் சுரந்து அதன் வேகத்தையும் தணிக்கின்றன. சக்தி குன்றினால் உறிஞ்சும் வேலை தளர்கிறது. மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் சில நஞ்சுகள் அந்த அமிலத்தின் உற்பத்தியையே குறைப்பதும் மூளைத் துண்டங்களில் நடந்த சோதனைகளில் புலப்பட்டிருக்கிறது. காவலனையே முதலில் வீழ்த்துவதுதான் இவ்விஷங்களின் பயங்கரம் என்பேன்.

இனி, சயனைடைத் தீங்கற்றதாக்கத் தேகத்துக்குக் கந்தகம் வேண்டும். மூளையைக் காக்கும் குளுட்டத்தயோன் அமைவதற்கும் அதே கந்தகம் வேண்டும். இரண்டும் புரதம் என்னும் ஒரே பணப்பையிலிருந்து எடுக்கப்படுவதால், புரதமற்ற ஏழைக்கு இழப்பு இரட்டிக்கிறது. 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில், வறட்சியின் கொடுமையால் கசப்பு மரவள்ளியைச் சரிவரப் பதப்படுத்தாமலே உண்டு வாழ நேர்ந்த மக்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கால்கள் விறைத்து முடங்கினர். கான்சோ எனப்படும் அந்நோயில் முடங்கிய கால் மீள்வதில்லை.

நம் ஊரில் அவ்வித விபரீதம் நேராமைக்குச் சமையலும் ஒரு காரணம். தோலை உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைந்த நீரில் மூடாமல் வேகவைத்து, அந்நீரை வடித்துவிடுகையில் விஷத்தின் பெரும்பகுதி ஆவியாகவும் நீரோடும் போய்விடுகிறது. எஞ்சுவதைத் தேகமே சமாளிக்க, மீனும் முட்டையும் மட்டுமன்றி, கந்தகம் தாங்கிய மெத்தியோனின் மிகுந்த கேழ்வரகும் துணை நிற்கிறது; அதன் களியோ தீர்த்தமலை வட்டாரத்தாருக்குப் பழகிய ஆகாரம்.