தொலைந்த எண்ணெய்க் குப்பி: கிரேக்கத் துன்பியல் நாடகங்களின்மீது ஒரு சொல் விளையாட்டு

பகடி என்றாலே மலிவான நகைச்சுவை என ஒதுக்கும் போக்கு இலக்கிய வகுப்புகளில் உண்டு. மூல ஆசிரியரின் தொடரமைப்பை நுணுகிக் கற்றவரால் மட்டுமே செய்யக்கூடிய பகடியும் உண்டு என்பதற்கு அரிஸ்டோபனிஸின் ‘தவளைகள்’ நாடகத்தில் வரும் எண்ணெய்க் குப்பிக் காட்சி தக்க சான்றாகும்.

கி.மு. 405இல் ஏதென்ஸ் நகரின் லெனையா விழாவில் அரங்கேறி முதற்பரிசு பெற்ற இன்பியல் நாடகம் இது. அப்போது யூரிப்பிடிஸ் இறந்து நெடுநாள் ஆகவில்லை. நகரமோ ஸ்பார்ட்டாவுடனான நீண்ட போரில் தோல்வியின் விளிம்பில் நின்றது. நல்ல கவிஞர் ஒருவரை மீட்டுவர, நாடகக் கடவுளாகிய டயோனிசஸ் இறந்தோர் உலகிற்குச் செல்கிறார். அங்கே ஈஸ்கிலஸும் யூரிப்பிடிஸும் வாதிடுகின்றனர். வென்றவரே ஏதென்ஸுக்குத் திரும்புவார்.

யூரிப்பிடிஸ் தம் நாடக முகவுரைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குகிறார். ஈஸ்கிலஸ் இடைமறித்து, அந்தந்தத் தலைவன் தன் சிறிய எண்ணெய்க் குப்பியைத் தொலைத்துவிட்டதாக அடியை முடித்துவைக்கிறார். குளியலுக்கும் உடற்பயிற்சிக்கும் கிரேக்கர் எடுத்துச் செல்லும் எளிய பொருள் அது. ஒருமுறை சொன்னால் புன்னகை. ஐந்தாம் முறை அரங்கமே அதிர்ந்திருக்கும்.

இத்தொடர் எங்கும் பொருந்துவது எவ்வாறு? யூரிப்பிடிஸின் முகவுரை பெரும்பாலும் ஒரு பெயரில் தொடங்கும், எச்சச் சொல் தொடரும், முற்றுவினை தள்ளிப்போகும். அடியின் இடையே ஒரு நிறுத்தமும் விழும். அதற்குப்பின் எஞ்சும் இடத்தில் குப்பித் தொடர் அளவெடுத்தாற்போல் அமர்கிறது. யூரிப்பிடிஸ் தப்பிக்க முயன்று, பெயரே இல்லாத பொதுமொழி ஒன்றில் தொடங்கிப் பார்க்கிறார். அதன் மூன்றாம் அடியிலும் எச்சம் ஒன்று காத்திருக்கிறது, குப்பி தொலைகிறது! அந்தக் குப்பியை விலைக்கு வாங்கிவிடுமாறு டயோனிசஸ் அவருக்கு அறிவுரை கூறுவது சுவையானது. குப்பிக்குப் பாலியல் உட்பொருள் காணும் ஆய்வாளரும் உளர். யாப்பும் இலக்கணமுமே போதிய விளக்கம் என்பது என் கருத்து.

முற்றுவினையை முன்னதாகவே கேட்கும் ஆங்கிலத்தில் இந்நகைச்சுவை பெரிதும் தளர்ந்துவிடுகிறது. தமிழிலோ அது இயல்பாக வருகிறது. ‘கடல் கடந்து, பகை வென்று, முடி சூடி’ என அடுக்கி நிறுத்தினால், கேட்போர் மனம் முற்றுவினையை எதிர்நோக்கும். அவ்விடத்தில் ‘குப்பியைத் தொலைத்தான்’ என்றால் காவியத் தலைவன் நொடியில் வீழ்கிறான். ஆகவே, ஆங்கிலவழி மொழிபெயர்ப்பை நம்பி இப்பகுதியைக் கற்பிப்பதைவிட, வினையெச்சப் பாடத்தோடு இணைத்துக் கற்பிப்பதே பொருத்தமாகும்.

பிற்காலக் கிரேக்க யாப்பிலக்கணத்தார் ஓர் அடிவகைக்கே ‘லெகித்தியன்’, அதாவது ‘சிறு எண்ணெய்க் குப்பி’ என்று பெயரிட்டனர். கேலிக்கு உள்ளான முகவுரைகளுள் பல இன்று சிதைவுகளாகவே எஞ்சியுள்ளன. ‘டௌரிஸ் நாட்டு இபிஜீனியா’ மட்டும் முழுமையாகக் கிடைக்கிறது. அதன் தொடக்க அடிகளைத் தமிழாக்கி, குப்பி எங்கே தொலையும் என்பதை மாணவரையே கண்டறியச் செய்யலாம்.