மருந்தால் ஏற்படும் கல்லீரல் பாதிப்பும் கூட்டு மருத்துவமும்

நோயைக் குணப்படுத்த உட்கொள்ளும் மருந்தே கல்லீரல் உயிரணுக்களைச் சிதைக்கும் நிலை, மருந்தால் ஏற்படும் கல்லீரல் பாதிப்பு எனப்படுகிறது. வாய்வழி உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பாலானவை குடலில் உறிஞ்சப்பட்டு முதலில் கல்லீரலை அடைகின்றன. அங்குள்ள நொதிகள் அவற்றை வேறு வேதிப்பொருள்களாக மாற்றுகின்றன. அவற்றுள் சில நச்சுத்தன்மை உடையவை.

இரு வகைகள்

முதல் வகை அளவைப் பொறுத்தது. பாராசிட்டமால் இதற்கு எடுத்துக்காட்டு. அது சிதையும்போது தோன்றும் நச்சுப் பொருளைக் குளுட்டாதயோன் என்னும் சேர்மம் செயலிழக்கச் செய்கிறது. அளவு மிகும்போது குளுட்டாதயோன் தீர்ந்து, உயிரணுக்கள் இறக்கின்றன. இரண்டாம் வகை, சரியான அளவில் உட்கொண்டாலும் சிலருக்கு மட்டும் ஏற்படுவது. காசநோய் மருந்துகளான ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு ஆகியவற்றால் வரும் பாதிப்பு பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது.

அறிகுறிகள்

பசியின்மை, குமட்டல், வாந்தி, வலப்பக்க மேல்வயிற்று வலி, சிறுநீர் அடர்மஞ்சளாதல், கண் மஞ்சளாதல் ஆகியன முக்கிய அறிகுறிகளாகும்.

நவீன மருத்துவம்

பாதிப்பை உண்டாக்கிய மருந்தை நிறுத்துவதே முதற்படி. பாராசிட்டமால் நச்சுக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் முறிமருந்தாகும். அது குளுட்டாதயோனை மீண்டும் உருவாக்க உதவுகிறது. 8 மணி நேரத்திற்குள் கொடுத்தால் மிகச் சிறந்த பலன் தருகிறது. காசநோய் மருந்து உண்பவருக்கு ஏ.எல்.டி. என்னும் கல்லீரல் நொதி, அறிகுறிகளுடன் இயல்பு உச்ச அளவைப்போல் 3 மடங்கோ, அறிகுறி இல்லாமல் 5 மடங்கோ உயர்ந்தால் மருந்துகள் நிறுத்தப்படுகின்றன. நொதி அளவு தணிந்தபின் அவை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கப்படுகின்றன.

மூலிகைகளின் இடம்

மத்தியதரைக் கடற்பகுதியில் வளரும் சிலிபம் மரியானம் என்னும் முட்செடியின் விதையிலிருந்து சிலிமாரின் எடுக்கப்படுகிறது. காசநோய் மருந்துகளுடன் இதைச் சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட முடிவுகளைத் தந்துள்ளன.

தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரிலோ பாலிலோ கலந்து கொடுப்பது நெடுநாள் வழக்கம். சென்னையில் நடந்து 1988இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைத் தாங்கியிருந்தோரில் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு அக்கிருமியின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது. பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தவில்லை. மேலும் அது வைரசைப் பற்றிய ஆய்வே தவிர, மருந்து நச்சைப் பற்றியதன்று.

ஹெப்படைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குணமாகும். அப்போது பெருமை மூலிகைக்குச் சேர்கிறது. மருந்தால் வந்த காமாலை அப்படியன்று. காரணமான மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே மூலிகைச் சாறு குடித்தால் கல்லீரல் முழுவதுமாகச் செயலிழக்கக்கூடும். மாறாக, காசநோய் மருந்தைத் தாமாகவே கைவிட்டு மூலிகையை மட்டும் நம்பினால் காசநோய் முற்றும். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உருவாகலாம்.

கூட்டாகப் பயன்படுத்துவதன் இடர்கள்

மூலிகைகளும் கல்லீரலைத் தாக்கக்கூடும். கோவிட் காலத்தில் சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தனர். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்து, சீந்திலைப் போன்ற வேறு செடி பயன்பட்டிருக்கலாம் என்றது. செடியைச் சரியாக இனங்காண்பது எவ்வளவு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

மூலிகை மருந்தின் அளவையும் மாற்றலாம். மிளகிலுள்ள பைப்பரின், ரிஃபாம்பிசின் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டுகிறது.

எனவே மூலிகையை முதன்மை மருத்துவத்திற்கு மாற்றாகக் கொள்ளாமல், மருத்துவரின் அறிவுடன் துணையாக மட்டுமே பயன்படுத்த வேண்டும். உண்ணும் மாத்திரை, சூரணம், கசாயம் அனைத்தையும் அலோபதி மருத்துவர், சித்த மருத்துவர் இருவரிடமும் சொல்லுதல், குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்தல், கண் மஞ்சளானால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் ஆகியவை நோயாளி தவறாமல் செய்யவேண்டியவை.