ஆடுவது பிள்ளை, பேசுவது சாதி

2025 மார்ச் 10. தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வு எழுதப் பேருந்தில் சென்ற பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரை ஒரு கும்பல் வழிமறித்து இறக்கி, அரிவாளால் வெட்டியது. மாணவர் பட்டியலினத்தைச் சேர்ந்தவர். துண்டான கைவிரல்களை நெல்லை அரசு மருத்துவமனை மருத்துவர்கள் அறுவை சிகிச்சை செய்து பொருத்தினர். கபடிப் போட்டியில் அவர் ஆடிய அணி வென்றதே பகைக்குக் காரணம் என்று குடும்பத்தினர் கூறினர். பிடிபட்டவர்களும் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர்களே.

ஆட்டத்தில் தோற்ற பிள்ளை அழும், கோபப்படும், மறுநாள் மீண்டும் களத்தில் இறங்கும். ‘போயும் போயும் இவனுங்ககிட்டயா தோத்தோம்’ என்ற வாக்கியத்தை எந்தப் பிள்ளையும் தானாகக் கற்றுக்கொள்வதில்லை. டீக்கடையிலோ வீட்டுத் திண்ணையிலோ களத்தின் கோட்டுக்கு வெளியிலோ ஒரு பெரியவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். வெட்டுப்பட்ட பிள்ளைக்காகப் பேசும் நாம், வெட்டிய பிள்ளைகளின் காதில் அந்த வாக்கியத்தைப் போட்டது யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

நமது மாவட்டத்துக் களங்கள்

இது பக்கத்து மாவட்டத்துக் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி வட்டாரங்களில் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் கபடி நடக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் பகுதிப் பிள்ளைகள் மாவட்டப் போட்டி என்றால் பாலத்தைக் கடந்து ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் வரை வருகிறார்கள். கபடிப் போட்டிகளுக்கு அனுமதி கேட்டுச் சென்ற பல வழக்குகளில், உடையிலும் பதாகையிலும் சாதி அடையாளம் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனை விதித்திருக்கிறது. பதாகையைக் கழற்றிவிடலாம். மைக் பிடிப்பவரின் வாயையும் ஓரத்தில் நிற்பவரின் வாயையும் என்ன செய்வது?

அங்கே பேசப்படுவது நேரடி வசவு மட்டும் என்றால் அடையாளம் காண்பது எளிது. பாராட்டு போல வருவதும் உண்டு. ‘காலனிப் பயலுகளுக்கு உடம்பு இரும்புடா’ என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பையன் எதிரணியின் கண்ணைப் பார்த்து, கால்வைப்பைக் கணித்து, மூச்சை அளந்து எடுத்த புள்ளி அது. அவனுடைய அறிவையும் பயிற்சியையும் கழித்துவிட்டு உடம்பை மட்டும் பாராட்டுகிறார்கள். அணித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது ‘அவன் ரைடு போகட்டும், கேப்டனா வேற ஆளப் போடு’ என்று அதே வாய் சொல்லும். பல முறை கேட்ட பிறகு, தலைமை தனக்கானது இல்லை என்று அந்தப் பிள்ளையே நம்பத் தொடங்குகிறான்.

வந்தனாவின் வீட்டு வாசல்

பெரியவர்களின் பேச்சு எதுவரை துரத்தும் என்பதற்கு ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் அனுபவம் சாட்சி. 2021 ஜூலை 31 அன்று டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் ஆனார். ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் அவருடைய வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகம் இருந்ததால்தான் தோல்வி என்று ஏசினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிவானது. இரண்டே நாளில் வெண்கலப் பதக்க ஆட்டத்தில் பிரிட்டனுக்கு எதிராக வந்தனா மீண்டும் கோல் அடித்தார்.

அந்த உறுதிக்குப் பின்னால் இன்னொரு பெரியவரின் குரல் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு ஹாக்கி எதற்கு என்று அக்கம்பக்கம் பேசியபோது மகள் பக்கம் நின்றவர் தந்தை நாகர் சிங். ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம் முன்பு அவர் இறந்தார். பயிற்சி முகாமில் இருந்த மகளால் இறுதிச் சடங்குக்குக்கூட வர முடியவில்லை. வாசலில் கத்திய குரல்களைத் தாண்டி மகளை நிறுத்தியது அவர் கொடுத்த தெம்பு என்றே நாம் நினைக்கிறோம்.

ராமேசுவரம் தந்த பாடம்

பெரியவர் ஒருவர் உடைத்ததை இன்னொருவர் சரிசெய்ய முடியும் என்பதற்கு நமது ராமேசுவரத்திலேயே உதாரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பில் படித்த அப்துல் கலாமை, அர்ச்சகர் மகனான நண்பனின் அருகிலிருந்து எழுப்பிப் பின் வரிசைக்கு அனுப்பினார் புதிதாக வந்த ஆசிரியர். நண்பனின் தந்தை லட்சுமண சாஸ்திரி ஆசிரியரை அழைத்து, குழந்தைகள் மனதில் விஷம் விதைக்கக் கூடாது என்று கண்டித்தார். ஆசிரியர் மாறினார். ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் கலாமே இதை எழுதியிருக்கிறார். கண்டித்தவர் பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர் இல்லை, எதிர் வரிசையில் இருந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். கபடிக் களத்தின் ஓரத்தில் இன்று தேவைப்படுவது அப்படிப்பட்ட பெரியவர்கள்தான்.

நமது வீடுகளிலும் ஒரு பழக்கத்தைத் திருத்த வேண்டும். ‘அவங்ககிட்ட தோத்துட்டு வந்தா மானம் போயிரும்’ என்று அனுப்பினால், ஊரின் மானம் முழுவதையும் பன்னிரண்டு வயதுத் தோளில் ஏற்றுகிறோம். அந்தப் பாரத்தோடு எந்தப் பிள்ளையாலும் மூச்சுவிட்டுப் பாட முடியாது.

என்ன செய்யலாம்?

முதலில், பயிற்சியாளர் ஆட்டத்தைப் பேசட்டும். ‘போனஸ் கோட்டைத் தாண்டும்போது பின்கால் தரையில் இருந்தது, அடுத்த முறை தூக்கு’ என்றால் பிள்ளை திருத்திக்கொள்வான். ‘உங்களுக்கெல்லாம் எங்கே வரப்போகுது’ என்றால் அவன் திருத்த எதுவும் இல்லை.

இரண்டாவது, நாங்குநேரி சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. ஆசிரியர்கள் மாணவரின் சாதியை நேரடியாகவோ மறைமுகமாகவோ சுட்டிப் பேசக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. வகுப்பறைக்குப் பொருந்துவது விளையாட்டுத் திடலுக்கும் பொருந்தும் என்று பள்ளிக் கல்வித் துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஊர்ப் போட்டிகளில் சாதி சொல்லி ஏசுபவரை வெளியேற்ற நடுவருக்கு அதிகாரம் தர வேண்டும்.

மூன்றாவது, சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பொதுமக்கள் பார்வையில் உள்ள இடத்தில், பட்டியலினத்தவர் அல்லாத ஒருவர் சாதிப் பெயர் சொல்லிப் பட்டியலினத்தவரைத் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பிரிவு 3(1)(எஸ்)-இன்படி குற்றம். விளையாட்டுத் திடல் அப்படிப்பட்ட இடம்தான். காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். வன்கொடுமை உதவி எண் 14566, குழந்தைகள் உதவி எண் 1098.

வழக்கு என்பது கடைசி வழி. அதற்கு முன்னால் எளிய வழி ஒன்று இருக்கிறது. அடுத்த திருவிழாக் கபடியில் ஓரத்தில் ஒருவர் சாதி சொல்லிக் கத்தும்போது, பக்கத்தில் நிற்பவர் ‘அண்ணே, சின்னப் பிள்ளைங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க’ என்று சொன்னால் போதும். கோட்டுக்கு உள்ளே இருக்கும் பதினான்கு பிள்ளைகளும் அதைக் கேட்பார்கள்.