பீங்கான் வந்த வழி

ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கோப்பை, மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழ், எல்லாமே நமக்குப் பீங்கான்தான். பொருள் சீனத்தில் பிறந்தது. பெயரோ பாரசீகத்தின் ‘பிங்கான்’. அங்கே அது கிண்ணத்துக்குப் பெயர். எதனால் ஆன கிண்ணம் என்பது பொருட்டில்லை.

சீனப் பாண்டங்கள் கடல்வழியே வந்திறங்கிய கரை நம்முடையது. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீன ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இந்தக் கரையின் துறைமுகங்களில் பாரசீகமும் அரபும் புழங்கின. விற்றவர் கிண்ணத்தைக் காட்டிச் சொன்ன பெயரை, வாங்கியவர் அந்த வழவழப்பான பொருளுக்கே சூட்டிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிங்களத்தில் இன்றும் ‘பிங்கான’ என்றால் சாப்பிடும் தட்டு. பாத்திரம் என்ற பொருள் அங்கே மாறவில்லை.

மேற்கே போன சொல்லின் கதை இன்னும் சுவையானது. எழுத்தரபியில் ‘ப’ ஒலி கிடையாது. பிங்கான் ‘ஃபிஞ்சான்’ ஆயிற்று. துருக்கியரின் காபிக் கோப்பை ‘ஃபின்ஜான்’. அவர்களிடமிருந்து கிரேக்கர் வாங்கி ‘ஃப்ளிட்சானி’ என்றனர். பாரசீகச் சொல்லுக்கே மூலம் தட்டைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லான ‘பினக்ஸ்’ என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. அப்படியானால், ஊரை விட்டுப் போன பிள்ளை வேறு பெயரோடு வீடு திரும்பியிருக்கிறது.

பிங்கானுக்கு ஈரானில் இன்னொரு வேலையும் இருந்தது. வறண்ட ஊர்களில் ‘கனாத்’ எனும் நிலத்தடிக் கால்வாய் நீரைப் பங்கிட அதுவே கடிகாரம். அடியில் நுண்ணிய துளையிட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்க விடுவார்கள். துளைவழியே நீர் ஏறி, கிண்ணம் நிறைந்து மூழ்கினால் ஒரு கணக்கு. எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்க விடுவார்கள். யாருடைய வயலுக்கு எத்தனை கிண்ண நேரம் என்று பங்கு பிரித்திருப்பார்கள். கணக்கு வைப்பவரின் நேர்மையை நம்பித்தான் ஊரின் விளைச்சலே இருந்தது.

தமிழிலும் இதற்கு இணை உண்டு: நாழிகை வட்டில். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை. வட்டில் என்பதும் அடிப்படையில் உண்கலத்தின் பெயரே. உணவுக்கும் நேரத்துக்கும் ஒரே கலம் என்ற இந்த ஒற்றுமை, எந்தச் சொல்லும் கடன் வாங்கப்படாமலே நேர்ந்திருக்கிறது. நாழிகைக் கணக்கு அன்றாடப் புழக்கத்திலிருந்து மறைந்த பின்னும், கொங்கு வட்டாரப் பேச்சில் சாப்பாட்டுத் தட்டு ‘வட்டல்’தான்.