கூடைக்காரிக்குப் பின்னால் ஓர் அடிமரம்

கொலுவில் செட்டியார் ஏன் எப்போதும் உட்கார்ந்தே இருக்கிறார் என்று சோழவரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். கடை வைத்தவர் உட்காராமல் என்ன செய்வார் என்று எழுதிப்போட நினைத்தேன். அதற்குள், நின்றுகொண்டே விற்கும் மைசென் பொம்மைகள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

ஜெர்மனியின் மைசெனில் பீங்கான் ஆலை வந்தது 1710-இல். அங்கே 1731-இல் சேர்ந்த சிற்பி கேண்ட்லரும் அவருடைய கூட்டாளி ரைனிக்கேயும், 1740-களிலும் 50-களிலும் பாரிஸ் தெருக்களில் கூவி விற்பவர்களைப் பொம்மையாக்கினார்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லை. வாங்கியவர்கள் பிரபுக்கள். விருந்தின் கடைசியில் இனிப்பு வரும்போது மேஜையை அலங்கரிக்க, அதுவரை வைத்த சர்க்கரைப் பொம்மைகளுக்குப் பதிலாக இவை.

எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. எலுமிச்சைக்காரியின் பாவாடையை ஒட்டி ஓர் அடிமரம். பக்கத்தில் நிற்பவனின் காலோடும் ஓர் அடிமரம். கடைத்தெருவில் மரம் ஏது? அது முட்டு. பீங்கான் சுமார் 1,400 டிகிரி சூட்டில் வேகிறது. அப்போது உடம்பு இளகும், ஆறில் ஒரு பங்கு சுருங்கவும் செய்யும். மெலிந்த கால்கள் தாங்காமல் மடங்கிவிடும். செங்குன்றம் பக்கத்துச் சேம்பர்களில் தீ மிஞ்சிய செங்கல் நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். முட்டு தெரியாமலிருக்க அதிலேயே இலையும் பூவும் ஒட்டிவிட்டார்கள்.

நம் செட்டியார் களிமண். அவ்வளவு சூடு அவருக்குத் தேவையில்லை, இளகுவதுமில்லை. முன்னச்சு, பின்னச்சு என்று இரண்டாக அழுத்தி ஒட்டியவர். கவிழ்த்துப் பாருங்கள், உள்ளே வெற்றிடம். பீங்கான்காரிக்கும் அடியில் சின்னத் துளை உண்டு, சூடேறிய காற்று வெளியேற.

போன வருஷம் மண் என்று சொல்லி எனக்கு ஒரு செட்டியாரைத் தலையில் கட்டினார்கள். ஈரத்துணி பட்டதும் மூக்கு வெள்ளையாகக் கரைந்தது. பிளாஸ்டர்! வாங்கும்போது நகத்தால் சுண்டுங்கள். சுட்ட மண்ணானால் கணீரென்னும்.

பாட்டி, செட்டியாருக்கு முன்னால் நிஜ அரிசி, நிஜத் துவரம்பருப்புதான் வைப்பாள். எலி வந்து கடையைக் காலி செய்த வருஷமும் உண்டு. மைசென்காரியின் கூடையை எந்த எலியும் மோந்து பார்த்திருக்காது.